அந்த ஒரு ஓலையை மட்டும் குடுக்கல

செம்பூர், மும்பை
22 பிப்ரவரி 2026, ஞாயிறு

ஏலே ஒட்டகம்,

நல்லா இருக்கியா, தங்கச்சி, பிள்ளைங்க எல்லாம் சொகந்தானா. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், சின்னவளுக்கு பல்லு விழுந்து முளைச்சாச்சு, எனக்கு சுகர் ஆரம்பிச்சாச்சு. நலம் விசாரிப்பு முடிஞ்சது, விஷயத்துக்கு வாறேன்.

நவம்பருக்கு அப்புறம் உனக்கு நான் ஒரு வரி எழுதல. நீ தெனமும் காலைல அஞ்சரைக்கு அனுப்புற வசனப் படத்துக்கு கை கும்பிடுற பொம்மை ஒண்ணைப் போட்டு விட்டுருவேன், அதுவும் பாதி நாள் வசனத்தைப் படிக்காமலே. கோவமாலேனு கேட்டா ஆமா கோவந்தான். அம்மா செத்த அன்னைக்கு ராத்திரி நீ அனுப்பினது ஒரு பூ படம் போட்ட வசனம், மேல சின்னதா "ஃபார்வர்டட்"னு இருந்துச்சு. எனக்கு வசனம் கண்ணுல படல, அந்த ஃபார்வர்டட்தான் பட்டுச்சு. உனக்கு எத்தனை வருசம் சோறு போட்டவ, சொந்தமா ரெண்டு வார்த்தை தட்ட முடியலையானு இருந்துச்சு. நீ இப்ப வேற சபைக்காரன், அடுத்த நாள் பூசைக்கு உள்ள வரல. கோயிலுக்கு வெளிய வேப்பமரத்தடியில நின்னுட்டு இருந்தேனு அண்ணன் சொன்னான். ஆனா கல்லறைத் தோட்டத்துக்கு வந்தே, குழிக்குள்ள ஒரு பிடி மண்ணு போட்டே, போட்டுட்டு கையைக்கூட தட்டாம அப்படியே நின்னே. அதையும் பார்த்தேன். ரெண்டையும் வச்சுக்கிட்டு மூணு மாசமா என்ன எழுதுறதுன்னு தெரியாம இருந்தேன்.

இப்ப எழுதறதுக்குக் காரணம் புதன்கிழமை. விபூதி புதன், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் ஆரம்பிக்கிற நாள். நடந்தது ரொம்பச் சின்ன விஷயம், இவகிட்ட சொன்னா "இதுக்குப் போயா"ங்கிறா, உன்கிட்டதான் சொல்லணும்னு தோணுச்சு, ஏன்னா ஓலை முடையறதுல அம்மாகிட்ட நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான அடி வாங்குனோம்.

போன வருசம் தவக்காலத்துக்கு அம்மா இங்க வந்திருந்தால்ல. ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு, குருத்தோலை ஞாயிறுக்கு இங்க பங்குல குடுக்கிறது தென்னங்கீத்து. அம்மா அதை வாங்கி, மீன்காரி மீனைப் புரட்டற மாதிரி ரெண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தா. "இது என்னலே ஓலை, பனங்குருத்து இல்லாம குருத்தோலையா"ன்னு பீடத்துக்குக் கேக்கற மாதிரியே கேட்டா. ஓசன்னா பாடிட்டு இருக்கவங்க ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தாங்க, நல்லவேளை கோவாக்காரங்க, தமிழ் தெரியாது. வீட்டுக்கு வந்து சமையல்கட்டுத் தரையில காலை நீட்டி உக்காந்து, நகத்தால ஈர்க்கை உரிச்சுப் போட்டுட்டு முடைய ஆரம்பிச்சா. தென்னை ஓலை பனை மாதிரி சொன்ன பேச்சு கேக்காதுல்ல, மடிச்ச இடத்துல கிழிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. நாலு ஓலை வீணாப் போய் அஞ்சாவதுல ஒரு சிலுவை வந்துச்சு. அதுலயும் இடது கை நீளம், வலது கை குட்டை. சின்னவ சிரிச்சுட்டா. அம்மா கோவப்படல, "ஆணி அடிக்கும்போது இழுத்திருப்பானுவ"ன்னு சொல்லிட்டு கேஸ் அடுப்புக்கு மேல காலண்டர் ஆணியில சொருகி வச்சா.

அங்கதான் இருந்துச்சு பத்து மாசமும். பச்சை போய் மஞ்சளாகி, இப்ப வெந்தய நிறம். தாளிக்கிற எண்ணெய் ஆவி பட்டுப் பட்டு கீழ்ப்பக்கம் மட்டும் லேசா பிசுபிசுன்னு இருக்கு, ஒரு கடுகு கூட ஒட்டியிருக்கு. குட்டைக் கையோட நுனி விரிஞ்சு வாய் பொளந்த மாதிரி நிக்கும்.

உனக்கு ஞாபகம் இருக்கும், போன வருச ஓலையை எல்லாம் திரும்ப வாங்கி எரிச்சுத்தான் விபூதி புதனுக்கு சாம்பல். நாம பீடச்சிறுவனா இருந்தப்ப உபதேசியார் கோயில் பின்னாடி வச்சு எரிப்பாரே, நீ தூபக்காலை வச்சுக்கிட்டு பண்ணின வேலையை நான் இங்க எழுத மாட்டேன், இதை உன் வீட்டுல யாராவது படிச்சாலும் படிப்பாங்க. இங்கயும் அதே வழக்கந்தான். ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே பூசை முடிஞ்சு அறிவிப்பு வந்துச்சு, வாசல்ல ஒரு பெரிய அட்டைப்பெட்டி வச்சிருந்தாங்க. போன ஞாயிறு நான் வீட்டுல இருந்த ஓலை எல்லாத்தையும் பையில போட்டு எடுத்துட்டுப் போனேன். சாமி படத்துக்குப் பின்னாடி இருந்தது, ஸ்கூட்டர் டிக்கியில இருந்தது, சின்னவ பென்சில் டப்பாவுல இருந்தது, அடுப்புக்கு மேல இருந்ததும்.

பெட்டிகிட்ட நின்னு மூணு ஓலையைப் போட்டேன். நாலாவது கையிலயே இருக்கு. பின்னால ஒரு பாட்டி ஓலைக்கட்டை பிஸ்கட் கவர்ல சுத்திக் கொண்டாந்து நிக்குது, "கரோ பேட்டா"ங்குது. நான் நகர்ந்து வழி விட்டேன். அது போட்டுட்டுப் போயிருச்சு. அதுக்கு அப்புறம் ஒருத்தர், அதுக்கு அப்புறம் ஒரு குடும்பமே. நான் செருப்பு தேடறவன் மாதிரி குனிஞ்சு நிமிந்துட்டு அதை சட்டைப் பையில வச்சுக்கிட்டு வந்துட்டேன்லே. அவ்வளவுதான் நடந்தது.

ஆனா புதன்கிழமை காலைல ஆறரை பூசையில வரிசையில நிக்கும்போதுதான் உறைச்சுது. சாமியார் கட்டைவிரலை சாம்பல்ல தொட்டு நெத்தியில வச்சு, மண்ணா இருக்கே மண்ணுக்குத்தான் போவேன்னு சொல்றாரு, எனக்கு என்ன தோணுதுன்னா, இது மத்தவங்க எல்லாம் குடுத்த ஓலையோட சாம்பல், அந்த பிஸ்கட் கவர் பாட்டியோட ஓலை, நான் குடுக்க வேண்டியதைக் குடுக்காம அடுத்தவன் சாம்பலை வாங்கி வச்சுக்கிறேன். ஹார்பர் லைன்ல டிக்கெட் எடுக்காம ஏறினவன் டிசியைப் பார்த்தா எப்படி இருக்கும், அப்படி நின்னேன்.

ஆபீஸ்லயும் அன்னைக்கு ஒரே கூத்து. லிஃப்ட்டுல மராத்தி பையன் ஒருத்தன் கர்ச்சீப் எடுத்து நீட்டி "சார், நெத்தியில கரி"ங்கிறான். மாட்டுங்கா மாமா இருக்காருல்ல, அக்கவுண்ட்ஸ்ல, "ஞாயித்துக்கிழமைதான் எங்களுக்கு சிவராத்திரி முடிஞ்சது, நீங்க லேட்டா விபூதி வச்சிண்டு வரேளே"ன்னு சிரிக்கிறாரு. நம்ம காயல்பட்டணம் பாய் மட்டும் ஒண்ணுமே கேக்கல, "ஆரம்பிச்சாச்சா? எங்களுக்கு நாளைக்கு"ன்னாரு. இந்த வருசம் தவக்காலமும் ரம்ஜான் நோன்பும் ஒரே வாரத்துல வந்திருக்கு. மத்தியானம் நான் ஒருசந்தி, அதாவது ஒரு வேளைச் சாப்பாட்டு விரதம், அவர் கடைசியா ஒரு டீ குடிச்சுக்கிட்டாரு. அந்த மேசையில இருந்த நிம்மதி எனக்கு பூசையில இல்ல, உண்மையைச் சொல்லணும்ல.

சரி, நீ இப்ப என்ன சொல்லுவேன்னு தெரியும். "அதான்லே நான் அன்னைக்கே சொன்னேன், பொருளைப் பிடிச்சுக்கிட்டு பொருளைக் குடுத்தவரை விட்டுட்டேங்க." 2014-ல நீ உங்க சபையில ஞானஸ்நானம் எடுத்துட்டு வந்து திருச்செந்தூர் ரோட்டு டீக்கடையில வச்சு என்கிட்ட சொன்ன அதே டயலாக். அன்னைக்கு நான் உன்னை அடிக்கவே வந்தேன். இப்ப அதை ராத்திரி படுத்துக்கிட்டு யோசிக்கிறேன். ஏன்னா நவம்பர்ல இருந்து நான் ஒழுங்கா ஜெபமே பண்ணல. பொருளு எல்லாம் இருக்கு, நான்தான் இல்ல.

அம்மாவோட ஜெபமாலை இப்ப என் பேன்ட் பையிலதான் கிடக்கு. பத்துப் பத்து மணியா இருக்குமே, அதுல மூணாவது பத்துல நாலாவது மணி தொலைஞ்சு போய் அதுக்குப் பதிலா என் யூனிஃபார்ம் சட்டை பட்டனைக் கோத்து வச்சிருப்பா, பார்த்திருப்பே. காலைல செம்பூர்ல ரயில் ஏறினதும் ஆரம்பிப்பேன், கூட்டத்துல கையை வெளிய எடுக்க முடியாது, பைக்குள்ளயே உருட்டிக்கிட்டுப் போவேன், குர்லா, சுனாபட்டி, ஜிடிபி நகர், வடாலா வரும்போது கட்டைவிரல் அந்த பட்டன்ல போய் இடிக்கும். நாலு ஓட்டை. அங்க இடிச்சதும் மந்திரம் நின்னுரும். அதுக்கு மேல கடைசி ஸ்டேஷன் சிஎஸ்எம்டி வரைக்கும் அம்மா ஞாபகந்தான். இதுக்குப் பேரு ஜெபமா? கை ஜெபிக்குது, நான் ஜன்னல்ல ரே ரோடு குடோனைப் பார்த்துக்கிட்டு நிக்கிறேன்.

அம்மாவுக்கு அப்படி இல்லைலே. அவளுக்கு பொருளும் ஜெபமும் வேற வேறயா இருந்ததே இல்ல. இடியாப்பம் வேக ரெண்டு பத்து, முட்டைக்கு மூணு பத்து, கடிகாரம் பார்த்து அடுப்பை அணைச்சு நான் கண்டதில்ல. பழைய பிரியதத்த மந்திரந்தான் சொல்லுவா, அருள் நிறைந்த மரியேயோட பழைய தமிழ். 2002-ல போப் ரெண்டாம் அருள் சின்னப்பர் ஜெபமாலையில இருந்த பதினஞ்சு மறையுண்மையோட ஒளியின் மறையுண்மைன்னு புதுசா அஞ்சு சேர்த்தாருல்ல, வியாழக்கிழமை அதைச் சொல்லணும்னு பங்குச்சாமி எத்தனை தடவை சொன்னாரு, கடைசி வரைக்கும் ஒத்துக்கலையே, "பதினஞ்சுலயே எனக்கு இடியாப்பம் வெந்துருது"ன்னுட்டா. சோத்துப் பானையில மொத அகப்பை போடறதுக்கு முன்னாடி அகப்பைக் காம்பால ஒரு சிலுவை. வெளிய கிளம்பினா நெத்தியில கட்டைவிரலால ஒரு சிலுவை, விரல்ல என்ன ஒட்டியிருக்கோ அதோட, உனக்கு ஒரு தடவை பத்தாங்கிளாஸ் கணக்குப் பரீட்சை அன்னைக்கு மிளகாப்பொடியோட போட்டுவிட்டு கண்ணு எரிஞ்சு நீ 35 எடுத்ததுக்கு இன்னைக்கு வரைக்கும் அதைத்தானே காரணம் சொல்றே.

மாஹிம் கதை உன்கிட்ட சொன்னேனா? புதன்கிழமை மாதாவுக்கு நடக்கிற நொவேனா ஜெபத்துக்குக் கூட்டிட்டுப் போனேன், மிக்கேல் அதிதூதர் கோயில். 1948-ல ஆரம்பிச்ச நொவேனாவாம், இன்னைக்கும் புதன் வந்தா ரோடே அடைச்சிரும், இந்துக்களும் நிறைய வருவாங்க. வாசல்ல மெழுகுல வீடு, மெழுகுல குழந்தை, மெழுகுல கை கால் எல்லாம் விக்கிறாங்க, யாருக்கு என்ன வேணுமோ அதை வாங்கி வைக்கணும். அம்மா முட்டு வலிக்கு ரெண்டு கால் வாங்கினா, பேரம் பேசி. உள்ள போய் பார்த்தா ரெண்டும் இடது கால். திரும்பிப் போய் மாத்திட்டு வரச் சொன்னா, கூட்டத்துல முடியாதும்மான்னேன். "சரி, மாதாவுக்குத் தெரியாதா"ன்னு ரெண்டு இடது காலையும் வச்சுட்டு வந்தா. வலி ஒண்ணும் போகல. ஆனா அதுக்கு அப்புறம் வலது முட்டி வலிச்சா மட்டும் "அன்னைக்கே மாத்தியிருக்கணும்"னு என்னைத் திட்டுவா.

அப்புறம் ஈஸ்டர் முடிஞ்ச திங்கக்கிழமை போப் பிரான்சிஸ் இறந்தாருல்ல, ஏப்ரல் 21. அம்மா அந்த வாரம் பூரா டிவி முன்னாடிதான். அவரை ரோமாபுரியில மேரி மேஜர் பேராலயத்துல அடக்கம் பண்ணப் போறாங்கன்னு செய்தி வந்ததும், அது எந்தக் கோயில்னு சின்னவ கேட்டா, நான் சும்மா தேடிப் பார்த்துட்டு அதோட திருநாள் ஆகஸ்ட் 5, அதுதான் பனிமய மாதா கோயில்னு சொன்னேன். தூத்துக்குடியில நம்ம கோயிலும் பனிமய மாதாதானே, அம்மா எழுந்து நின்னுட்டாலே. "நம்ம மாதா கோயிலா? நம்ம மாதா கோயில்லயா அவரைப் புதைக்கிறாங்க?" அன்னைக்கு சாயங்காலம் இந்த பில்டிங்ல இருக்கிற குஜராத்தி மாமி வரைக்கும் போப் தூத்துக்குடிக்காரர் கணக்கா செய்தி போயிருச்சு. எழுத்து ஒண்ணும் பெருசா இல்லாம அவர் பேர் மட்டும் போட்ட கல்லறை அது. நவம்பர்ல அம்மாவுக்குக் கல்லு வைக்கும்போது அண்ணன் நாலு வசனம் எழுதணும்னான், நான் பேரும் தேதியும் போதும்னு சண்டை போட்டதுக்குக் காரணம் அதுதான். யார்கிட்டயும் சொல்லல, உன்கிட்ட சொல்றேன்.

எங்க விட்டேன். ஆமா, பொருளு.

உனக்கு நானே பாயிண்ட் எடுத்துக் குடுக்கிறேன் பாரு. மோசே வனாந்தரத்துல வெண்கலப் பாம்பு செஞ்சு வச்சது கடவுள் சொல்லித்தான், பாம்பு கடிச்சவன் அதைப் பார்த்துப் பிழைச்சான். ஆனா பல நூறு வருசம் கழிச்சு ஜனங்க அதுக்கு தூபம் காட்ட ஆரம்பிச்சதும் எசேக்கியா ராஜா அதை உடைச்சுப் போட்டுட்டான், உங்க பைபிள்ல நிகுஸ்தான்னு பேர் வருமே, ரெண்டாம் ராஜாக்கள் 18. மோசே கையால செஞ்ச பொருளு, யோசிச்சுப் பாரு, வேற எவனா இருந்தாலும் கண்ணாடிப் பெட்டியில வச்சிருப்பான். இதைப் படிச்சதுல இருந்து அடுப்புக்கு மேல இருக்கிற ஓலையைப் பார்த்தா எனக்கு சங்கடமா இருக்கு.

ஆனா அதே பைபிள்லதான் பவுல் மேல பட்ட உறுமாலைக் கொண்டு போய் நோயாளி மேல போட்டாங்கன்னும் இருக்கு. யோர்தானைத் தாண்டினதும் ஆத்துக்குள்ள இருந்து பன்னிரண்டு கல்லைத் தூக்கிட்டு வந்து நட்டு வை, நாளைக்கு உன் பிள்ளைங்க இது என்ன கல்லுன்னு கேக்கும், அப்ப சொல்லுன்னு யோசுவாகிட்ட சொன்னதும் அதே ஆள்தானே. அதை விடு, உன் வீட்டு ஹால்ல மாட்டியிருக்கியே வாக்குத்தத்த காலண்டர், வருசப் பிறப்பு அன்னைக்கு பாஸ்டர் கையால குலுக்கல்ல எடுத்த வசன அட்டை, அதை லேமினேட் வேற பண்ணி பைக்குல ஒட்டியிருக்கே, அது பொருளு இல்லையோ? மெழுகுக் கால்னா மூடநம்பிக்கை, லேமினேஷன்னா விசுவாசமா? போலே.

இங்க பாந்த்ரா பக்கம் சந்துக்குச் சந்து ஒரு சிலுவை நிக்கும், கல்லுல. நிறைய 1896-ல பிளேக் வந்தப்ப வச்சது. பக்கத்துலயே ஒரு பேல்பூரி வண்டி, ஒரு கேபிள் வயர் கட்டு, சிலுவைக்கு ஒரு சாமந்தி மாலை. ஆட்டோக்காரன் தொட்டு நெஞ்சுல வச்சுக்கிட்டுப் போவான், அவன் யாரு என்ன மதம்னு யார் கேக்கிறா. எனக்கு அதைப் பார்க்கும்போது எல்லாம், பிளேக்ல யாரையோ பறிகொடுத்தவன்தானே இதை வச்சிருப்பான், அவன் கடவுளை நினைச்சு வச்சானா, செத்தவளை நினைச்சு வச்சானான்னு ஓடும். ரெண்டையும் பிரிக்கத் தெரிஞ்சிருந்தா வச்சிருக்கவே மாட்டானோ என்னவோ.

என்னால பிரிக்க முடியல. அதுதான் விஷயம். அந்த ஓலையை நான் வச்சிருக்கிறது சிலுவைங்கிறதுக்காகவா, அம்மா நகம் பட்டதுங்கிறதுக்காகவா, ராத்திரி ரெண்டு மணிக்கு தண்ணி குடிக்கப் போய் அடுப்பு முன்னாடி நின்னு யோசிக்கிறேன். எரிக்கக் குடுத்திருந்தா அம்மா சந்தோஷப்பட்டிருப்பா, அவ எந்த வருசமும் ஒண்ணைக்கூட மிச்சம் வச்சதில்ல, "போய் சாம்பலாகட்டும், அடுத்த வருசம் புதுசு கிடைக்கும்"பா. அவளுக்கு அடுத்த வருசம் இருந்துச்சு.

இன்னொண்ணு சொல்லணும், கோவப்படாத. உங்க வீட்டு நடையில இருந்த பனிமய மாதா படம், உங்க தாத்தா காலத்துப் படம், அதை நீ எடுத்தது உன் விசுவாசம், அதுல நான் தலையிடல. ஆனா கல்லறையில வச்சு உங்க அப்பா என்கிட்ட கொஞ்ச நேரம் பேசிட்டு இருந்தாங்க. தங்கச்சிகிட்ட சொல்லி, அப்பா சட்டையைத் துவைக்கப் போடும்போது பையைப் பார்த்துப் போடச் சொல்லு. அதுக்கு மேல நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீயும் எதுவும் கேக்காத, அவங்ககிட்டயும் கேக்காத.

கோவம் எல்லாம் போச்சுலே. அந்த ஒரு பிடி மண்ணுல போச்சுன்னு நினைக்கிறேன், எனக்கே இப்ப எழுதும்போதுதான் தெரியுது.

வழக்கம் போல உன்கிட்ட ஒரு வேலை இருக்கு. மார்ச் 29 குருத்தோலை ஞாயிறு. சின்னவ இப்பவே சொல்லிட்டா, ஆச்சி செஞ்ச மாதிரி சிலுவை செஞ்சு தரணுமாம், ரெண்டு கையும் ஒரே அளவுல. நான் நேத்து ஒரு பேப்பரைக் கிழிச்சு செஞ்சு பார்த்தேன், மூணாவது மடிப்பு வரைக்கும் வருது, அதுக்கு அப்புறம் நடுவுல முடிச்சு போடறது வர மாட்டேங்குது. குறுக்கு ஓலையை உள்ள விட்டு இழுக்கணுமா, பின்னால சுத்திக் கொண்டாந்து சொருகணுமா? நீதான் நல்லா முடைவே, எனக்கு எப்பவும் மீன் மாதிரிதான் வரும். உன் சபையில தப்புன்னா செய்ய வேண்டாம். தப்பில்லைன்னா ஒரு பனங்குருத்தை வெட்டி மெதுவா செஞ்சு வீடியோ எடுத்து அனுப்பு, மூஞ்சி தெரிய வேண்டாம், கை மட்டும் தெரிஞ்சா போதும். ஃபார்வர்ட் பண்ணாத, நீயே எடுத்து அனுப்பு.

உன்
மக்ரூன்

பி.கு. கணக்கு வாத்தியாருக்கு கண் ஆபரேஷன் ஆச்சாமே, இப்ப உன்னை அடையாளம் தெரியுதா?